வேளாண் ஆணையரின் அடையாள அட்டை

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபிக் கொதிகலன் முனகிக்கொண்டிருக்கிறது. மாநிலம் முழுக்க இன்று தேர்தல், கவர்னர் முதல் வேளாண் ஆணையர் வரை எல்லாரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நாள். இங்குள்ள வாக்குச்சாவடியில், வாக்காளர்களைச் சரிபார்க்கும் மேசைக்குப் பின்னால் லவோன் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் போட்டியிடும் ஆணையர் ஓரின் ஹாகன், டிவி கேமரா பின்தொடர, கோட்டில் படிந்த பனியைத் தட்டியபடி அவள் முன்னால் வந்து நிற்கிறார். ஒரு பசுவுக்கு நோய் கண்டதென்று அவளுடைய மந்தை முழுவதையும் சுடச் சொன்னவர்.

"பேரு சொல்லுங்க சார்."

"என்ன லவோன், ஒரே பெஞ்சுல படிச்சவன்கிட்ட பேரா கேப்ப?"

"பேரு. அடையாள அட்டை."

அவர் பைகளைத் தடவுகிறார். சிரிப்பு உதட்டிலேயே உறைகிறது. "வண்டியில இருக்கு. இந்த ஊர்ல என்னைத் தெரியாதவங்க யாரு?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். என் தொழுவத்துல நின்னு நீங்கதான சொன்னீங்க? எடுத்துட்டு வந்து கடைசியா நில்லுங்க."

வரிசையில் யாரோ இருமுகிறார்கள். கேமராவின் சிவப்பு விளக்கு அணையவில்லை. அவர் படியேறிப் பனிக்குள் போகிறார். லவோன் நிதானமாக அடுத்தவரைக் கூப்பிடுகிறாள். அவளுடைய வாக்குச்சீட்டு காலையிலேயே பெட்டிக்குள் போய்விட்டது. அதில், வாக்களிக்கக் கருப்பாக நிரப்ப வேண்டிய வட்டங்கள், கவர்னருக்கானவைகூட, வெள்ளையாகவே கிடக்கின்றன. ஓரினை எதிர்த்து நிற்கும், அவள் முகம்கூடப் பார்த்திராத யாரோ ஒருவரின் பெயருக்கு நேரே மட்டும், தாள் கிழியாத குறையாகக் கருப்பு.