பன்னிரண்டு சதவீதம்

காலை ஆறேகாலுக்குத் தூத்துக்குடி விமானத்தின் கதவு மூடியது. ஒரு கையில் நிச்சயதார்த்தப் புடவைப் பையும் மறு கையில் போனுமாகக் கதிரேசன் வெளியே நின்றான். போன் திரையில், வீடியோ காலில், அவனுக்கு நிச்சயிக்கப்போகும் மணப்பெண் மதிவதனி.

"என் சீட்டை எப்படிங்க இன்னொருத்தருக்கு வித்தீங்க?"

கவுன்ட்டரில் இருந்த பெனிட்டா பதறவில்லை. எல்லா விமானத்துக்கும் டிக்கெட்டைக் கூடுதலாகத்தான் விற்பார்கள். யார் வரமாட்டார்கள் என்பதைக் கணினி ஆள் ஆளாகக் கணித்துவிடும். எப்போதாவது தவறினாலும், இழப்பீடு போக லாபம்தான். அவள் பார்த்தவரை இந்தக் கணக்கு நிறுவனத்தைக் கைவிட்டதில்லை.

"அடுத்த விமானத்துல முன்வரிசை சீட் தர்றோம் சார். டிக்கெட் விலையைப் போல நாலு மடங்கு பணமும் உண்டு. நல்ல நேரத்துக்குள்ள போயிடலாம்."

"அது சரி. நான் வரமாட்டேன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பெனிட்டாவுக்குப் பிடிக்கும். கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"நாங்களா முடிவு பண்ணலை சார். நேத்து சாயங்காலம் வரைக்கும் நீங்க வர்றதுக்கு வாய்ப்பு தொண்ணூறு சதவீதம். ராத்திரி திடீர்னு பன்னிரண்டுக்கு இறங்கிடுச்சு. பாருங்க."

கதிரேசன் பார்க்கவில்லை. போனைக் கீழே இறக்கினான். அதிலிருந்து மதிவதனியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சீட் கிடக்கட்டும், விடுங்க. நேத்து ராத்திரி என்ன நடந்துச்சு?"