கதவில்லாத அலமாரி

“ரெண்டு கதவையும் எரிச்சாச்சும்மா” என்றார் தச்சர், போனில். “பேக்கரிக்காரர் விறகு கேட்டாரு, தூக்கிக் கொடுத்துட்டேன். இந்நேரம் ரொட்டியா வெந்து யார் வயித்துலயோ இருக்கும்.”

அவர் சிரித்தார். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கணவரின் மூத்த தாரத்துப் பெண் வந்துவிடுவாள். இங்கே அலமாரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

சித்தி அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். அலமாரியோ அவளுக்கு முன்பே வந்தது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால், சுவரோரமாக, இடுப்பு உயரத்தில் நீளமாகக் கிடக்கும் பழைய ஈட்டி மர அலமாரி. மூத்தவள் ஏதோ ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தது.

மேலே மூத்தவளின் படம். நடுவில் இழுப்பறைகள், இரண்டு பக்கமும் பித்தளைத் தாழ் போட்ட கதவுகள். இடது பக்கம் முழுக்க அவள் சேர்த்த பீங்கான் தட்டுகள். வலது பக்கம் ஒரு மூட்டையையே உள்ளே தள்ளலாம், ஆனாலும் சும்மாதான் கிடந்தது.

“இந்த வீட்ல எதை வேணும்னாலும் மாத்திக்கோ, அலமாரியை மட்டும் தொட்டுடாதே” என்று கல்யாணமான புதிதிலேயே கணவர் சொல்லிவிட்டார். “பொண்ணுக்கு அவ அம்மா ஞாபகமா மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

சித்தியும் இத்தனை வருடம் தூசி தட்டியதோடு சரி. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மூத்தவளைத் தங்கம் என்பார்கள். தங்கம் இருந்த இடத்துக்கு வந்த பித்தளை, வாலைச் சுருட்டிக்கொண்டுதானே இருக்க வேண்டும்!

பெண்ணும் மரியாதையில் குறை வைத்ததில்லை, ஆனால் ஒட்டவும் இல்லை. எப்போது வந்தாலும் அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். தட்டு வேண்டுமென்றால், “நீங்களே எடுத்துக் கொடுங்க சித்தி” என்பாள். அம்மா ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது, பாவம் என்று சித்தி உள்ளுக்குள் உருகிப்போவாள்.

அப்படி உருகியவளுக்கு, கணவர் வேலையாக வெளியூர் போயிருந்த நேரத்தில் புத்தி பேதலித்துவிட்டது. அவருக்கு எப்போதும் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. சும்மா கிடக்கும் வலது பக்கத்தில் அன்றாடத் தட்டுகளை அடுக்கினால் என்ன, இழுத்தால் வராத கதவைக் கழற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது.

தச்சர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். “பக்கப் பலகையெல்லாம் எலி பிராண்டி வச்சிருக்கும்மா” என்றார். “ஒரு கதவை மட்டும் கழட்டினா பல்லு போன வாய் மாதிரி இருக்கும். ரெண்டையும் எடுத்துடலாம்.” எடுத்தார். கொண்டுபோயும் விட்டார்.

நேற்று கணவர் போன் செய்தார். “பொண்ணு புது வீட்டுக்குப் போறா இல்லையா, அந்த அலமாரியை அவளுக்கே கொடுத்துடலாம்னு இருக்கேன். வேணாம் வேணாம்னுதான் சொல்றா, பிகு பண்றா. நாளைக்கு வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன்.”

தேள் கொட்டிய திருடன் மாதிரி சித்தி வாயை மூடிக்கொண்டாள். விடிந்ததும் தச்சருக்குப் போன் போட்டால், ரொட்டிக் கதை.

இருப்பதிலேயே பெரிய மேசை விரிப்பை எடுத்து, அலமாரியின் முன்பக்கம் தொங்கும்படி போர்த்தினாள். அதன்மேல் மூத்தவளின் படத்தை வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. படத்தில் இருந்த சிரிப்பு வேறு அவளைக் குத்தியது.

அழைப்பு மணி அடித்தது. பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“என்ன சித்தி, துணியெல்லாம் போட்டிருக்கு?”

“தூசிம்மா. ஒரே தூசி.”

பெண் அதற்குமேல் கேட்கவில்லை. வழக்கம்போல அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “நீங்க நல்லா இருக்கீங்களா? ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று விசாரித்தாள்.

அந்த விசாரிப்பில்தான் சித்தி உடைந்துபோனாள். குற்றமுள்ள நெஞ்சு எவ்வளவு நேரம்தான் குறுகுறுக்கும்? படத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

“என்னை மன்னிச்சுடும்மா. உங்க அம்மா அலமாரியை நான் பாழாக்கிட்டேன்.”

பெண் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மெல்ல எழுந்து வந்து, வலது பக்கத்துக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“கதவு எங்க?”

“எரிஞ்சுபோச்சு. ரெண்டும். சித்தி புத்தியைக் காட்டிட்டான்னு திட்டிடு. பேசாம மட்டும் இருந்துடாதே.”

“தாழு?”

“கதவோடயே போச்சும்மா.”

பெண் பெருமூச்சு விட்டாள். கையை உள்ளே நீட்டி, பக்கப் பலகையில் இருந்த கீறல்களைத் தடவினாள். அவள் விரல்கள் தேடாமலே சரியான இடத்துக்குப் போயின.

சித்தி பதறினாள். “ஐயோ, அது நான் பண்ணலம்மா! எலி பிராண்டினது. தச்சரே சொன்னாரு.”

பெண் இன்னொரு கையால் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவளாக வந்து தொட்டது இதுதான் முதல் தடவை.

“கோபம் வந்தா அம்மா வெளியில தாழ் போட்டுடுவாங்க. எலி இல்ல சித்தி, நான்.”