மூன்று நட்சத்திரங்கள்

முதல் அடி விழுந்தபோது நான் உடைமாற்றும் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

புதிதாக நரம்பு கட்டிய டென்னிஸ் மட்டையை உள்ளங்கையில் தட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். ஆட்டக்காரிகள் அப்படித்தான் சோதித்துப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இத்ரீஸ் தன் மகள் ஷைமாவின் முதுகில் தட்டிச் சோதிப்பார். அந்தச் சத்தத்தில் மணி இருக்காது.

இரண்டாவது அடி.

மூன்றாவதில் மட்டையின் சட்டம் சுவரில் இடித்தது. ஒரு முனகல். பிறகு குழாயைத் திறந்து யாரோ முகம் கழுவும் ஓசை.

இத்ரீஸ் வெளியே வந்தார். கழுத்தில் பயிற்சியாளர் அட்டை ஆடியது. "நரம்பு கச்சிதமா இருக்கு, லல்லா ஸுஹூர்" என்று "லல்லா" போட்டு மரியாதையாக என்னைப் பாராட்டிவிட்டு, பார்வையாளர் வரிசையில் தன் இருக்கைக்குப் போனார்.

ரபாத்தில் இந்தப் பெண்கள் போட்டி தொடங்கிய முதல் வருடத்திலிருந்து மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறவள் நான். அது இருபத்து மூன்றாவது வருடம். தாழ்வாரச் சுவரில் அதுவரையிலான இருபத்திரண்டு வெற்றியாளர்களின் படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில்கூட எங்கள் நாட்டுப் பெண் இல்லை.

இறுதி ஆட்டம் வரை வந்த முதல் மொராக்கோக்காரி ஷைமாதான். வயது பதினேழு.

இந்த அடி எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள்தான் கிடையாது.

அதற்கு முந்தின வருடம் நான் போட்டி மேற்பார்வையாளர் கிஸ்லானிடம் போய்ச் சொன்னேன். அவர் ஷைமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். தகப்பனும் கூடவே வந்து, அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். ஆட்டத்தில் விழுந்துவிட்டதாக அவள் சொன்னாள். "எம்பொண்ணு பந்தைத் தொடறதைவிட மண்ணைத் தொடறதுதான் ஜாஸ்தி" என்று இத்ரீஸ் சிரித்தார்.

அவர்கள் போனபின் கிஸ்லான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரு கண்ணுல படற மாதிரி ஒரு தடயம் வேணும், ஸுஹூர். அது மட்டும் கிடைச்சா அந்த அட்டையை நானே அறுத்து எறியறேன்."

அட்டை போனால் பாதுகாவலர் பொறுப்பும் போகும். ஷைமா டென்னிஸ் கூட்டமைப்பின் விடுதிக்கு, வேறொரு பயிற்சியாளரிடம் போய்விடலாம். ஆனால் நீலம் பாய்ந்த முதுகைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அவள் இன்னொரு வருடத்தையும் ஓட்டிவிட்டாள்.

இப்போது அவள் அறையிலிருந்து வந்தாள். பை முதுகில் தொங்கியது. என்னைப் பார்க்காமல் ஆடுகளத்துக்குள் போனாள்.

செம்மண் தரையில் பையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

வெள்ளைச் சட்டையின் முதுகில் பச்சையாக ஒரு நட்சத்திரம்.

கூட்டம் கைதட்டியது. நம் நாட்டுக் கொடியின் பச்சை நட்சத்திரத்தை முதுகில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

அவள் இன்னும் கொஞ்சம் திரும்பினாள். முதல் நட்சத்திரத்துக்குக் கீழே கோணலாக இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. மூன்றாவது கழுத்துக்குக் கீழே, வெறும் தோலில். அதைச் சுற்றிலும் ரத்தம் கட்டிச் சிவந்து தடித்திருந்தது.

நட்சத்திரங்களுக்குள்ளே கட்டம் கட்டமாக நரம்பின் தடம்.

குலவை ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

எதிர்த்து ஆட வந்த செக் நாட்டுப் பெண் ஷார்கா, வலைக்கருகே அவள் கழுத்துக்குக் கீழே தொட்டாள். கையை எடுத்துத் தன் விரலைப் பார்த்தாள். அந்தப் பச்சை விரலை நடுவரிடம் தூக்கிக் காட்டினாள்.

கிஸ்லான் வந்தார். ஷைமாவின் முதுகை வெகுநேரம் பார்த்தார். பிறகு பார்வையாளர் வரிசையை ஏறிட்டார். அங்கே இத்ரீஸ் மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

காவலர்கள் இரண்டு பேர் மேலே போனார்கள். இத்ரீஸ் ஒருவரின் மூக்கை உடைத்தார். முன்வரிசையில் இருந்த பெண்ணின் மடியில் ரத்தம் தெறித்தது. அவரை நாற்காலிகளுக்கு நடுவே குப்புறத் தள்ளி, கையை முறுக்கி, முழங்காலால் அழுத்திப் பிடித்தார்கள். இழுத்துப் பார்த்தும் அட்டையின் நாடா அறுபடவில்லை. கிஸ்லான் நான் நரம்பு வெட்டும் இடுக்கியை வாங்கிக்கொண்டு போய் நறுக்கினார்.

மகள் பெயரைச் சொல்லி இத்ரீஸ் போட்ட கூச்சல் வாசல் வரை கேட்டது. ஷைமா திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் தோற்றாள். இருபத்து மூன்றாவது படத்தில் கோப்பையோடு நிற்பது ஷார்காதான். போட்டியின் வரலாறு என்று பின்னால் அச்சடித்த புத்தகத்தில் அந்த வருடத்துக்கு ஒரே ஒரு வரி: ஆறு நான்கு, ஆறு மூன்று.

அதில் இல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டும்.

மற்ற பெண்களின் மட்டை நரம்பில் கம்பெனி முத்திரையை மையால் பூசி அனுப்புவேன். ஷைமாவுக்கு ஆதரவு தரும் கம்பெனி கிடையாது. அதனால் ஒரு காகித அட்டையில் நட்சத்திர வடிவத்தில் ஓட்டை வெட்டி, அதை நரம்பின் மேல் வைத்துப் பச்சை மை பூசுவேன். காய்வதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஈரமாக அனுப்பினால் பந்தெல்லாம் கறையாகிவிடும். அந்த நாள் வரை ஒரு மட்டையைக்கூட நான் ஈரமாக அனுப்பியதில்லை.

அன்று காலை ஷைமா என் மேசைக்கு வந்தாள்.

"மை காயறதுக்கு முன்னாடி குடுத்துருங்க, சாச்சி. எங்கிட்ட வேணாம். வாப்பா கையில."

முடியாது என்றேன். பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். இந்தத் தடவை கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவேன் என்றும் சொன்னேன்.

"மூணு அடிதான், எனக்குப் பழக்கம். அந்த அறையில வெளிச்சம் பத்தாது, அவருக்கு மை தெரியாது. பாதியில வந்து கெடுத்துராதீங்க."

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், மை பூசி முடித்ததும், இத்ரீஸ் வந்து கை நீட்டினார். ஈரம் மின்னாதபடி மட்டையைச் சாய்த்துக் கொடுத்தேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார்.