சம்மதக் கடிதம் எங்கே?

பதிவு அலுவலக எழுத்தர் குணசேகரன், நீட்டப்பெற்ற திருமண விண்ணப்பத்தில் பெயர்களை மட்டும் படித்தார். பின்னர்க் கைப்பேசியில் மீண்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

"ராபர்ட்டு, சாதிகா... ரெண்டு பேருக்கும் எங்கே பழக்கம், தம்பி?"

"விருத்தாசலத்துல, பீங்கான் கம்பெனியிலங்க," என்று ராபர்ட்டின் குரல் பணிவாக ஒலித்தது.

"பெத்தவங்க சம்மதக் கடிதம் எங்கே?"

"சட்டப்படி அது தேவையில்லைன்னு வக்கீலு சொன்னாருங்களே?" என்று சாதிகாவின் குரல் குறுக்கிட்டது.

"சட்டத்துல இல்லாததைக் கேக்கத்தாம்மா அரசாங்கம் எங்களை உக்கார வச்சிருக்குது. போயி அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"அவரு தவறிப் போயி முப்பது வருஷம் ஆவுதுங்க. எனக்கே எழுபத்தொண்ணு," என்றார் ராபர்ட்.

குணசேகரன் அப்போதுதான் நிமிர்ந்தார். எதிரே இரண்டு நரைத்த தலைகள் நின்றன. குடிமக்களுக்கு எத்தனை வயதானாலும் அவர்களை அவர்கள் விருப்பப்படி விட்டுவிடுவது அரசுக்கு அழகன்று என்பதால், அவர் சற்றும் தளரவில்லை.

"அப்படின்னா உங்க பிள்ளைங்களோட சம்மதக் கடிதம் வேணும்."

சாதிகா வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"மெதுவாப் பேசுங்க சாரு. அவங்களுக்குப் பயந்துதான் வூட்டை விட்டு ஓடியாந்திருக்கோம்!"