மங்கா உடைத்த சுவர்

மார்ச் மாதம் ஒரு காலை ஆறு மணிக்கு, இரண்டே அத்திப்பழங்களோடு மரப்பொந்துக்குத் திரும்பினான் வேலப்பன் என்ற இருவாச்சிப் பறவை. மனைவி மங்கா குஞ்சோடு உள்ளே இருந்தாள். குஞ்சு பறக்கும்வரை தாயை உள்ளே வைத்து வாசலைச் சேற்றால் அடைப்பது அவர்கள் குல வழக்கம்; அலகு நுழைய மட்டும் சிறு துளை உண்டு.

“இவ்வளவுதானா? பிள்ளைக்குக் குரலே எழும்பலை.”

“உள்ளே உட்கார்ந்து கேட்க நல்லாத்தான் இருக்கும். காடே காய்ஞ்சு கிடக்கு. என்னால முடியலை, மங்கா!”

மங்கா சுவரைக் கொத்தத் தொடங்கினாள்.

“ஊர் சிரிக்கும்டி!”

“சிரிக்கிறவங்க பழம் கொண்டு வருவாங்களா? நீங்களும் வெளியிலிருந்து கொத்துங்க.”

கொத்தினான். குஞ்சுக்குக் காவலாக வாசலை மறுபடி பூசிவிட்டு, இருவரும் ஆளுக்கொரு திசையில் பறந்தார்கள். மாலையில் குஞ்சு வயிறு நிறைந்து, ஊட்டிய பழத்தைத் துப்பியது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அது பறந்தது.