ஒன்றும் செய்யாத ஃப்ளாக்

செக் நாட்டு ப்ர்னோ நகரின் காலை வெயில், என்னோடு வேலை செய்யும் விளாஸ்தாவின் கணினித் திரையில் விழுந்து பாதி எழுத்தை அழிக்கிறது. அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறாள். கீழே டிராம் திரும்பும்போதெல்லாம் தேநீர்க் கோப்பை கிணுகிணுக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை கேட்கும்போது நிரல்கள் கூடவே அனுப்பும் குறிகளான ஃப்ளாக்குகளில், வழக்கொழிந்தவற்றைக் கையேட்டில் குறித்து வைப்பது எங்கள் வேலை. இருபது வருடமாகக் கெர்னல் கண்டுகொள்ளாத ஒரு ஃப்ளாக்கைப் பற்றிக் கையேட்டில் இருக்கும் 'இது ஒன்றும் செய்யாது' என்ற வரியை நீக்கிவிடலாம் என்று நேற்று அஞ்சல் குழுவில் எல்லோருக்கும் எழுதியது நான்தான். பின்லாந்தின் மர ஆலை ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. விளாஸ்தா வாய்விட்டு வாசிக்கிறாள். "எங்க ரம்பத்தை ஓட்டுற நிரலை எழுதினவர் இப்ப உயிரோட இல்ல. அதுல இந்த ஃப்ளாக் இருந்துச்சு. எடுத்தா ரம்பம் நிக்காமப் போயிடுமோன்னு மூணு வாரமா யாரும் கை வைக்கல. உங்க வரியைப் படிச்சப்புறம்தான் எடுத்தோம். அந்த வரியை விட்டு வைங்க." விளாஸ்தா அந்த வரியோடு 'பயமில்லாமல் நீக்கலாம்' என்று சேர்க்கிறாள். திருத்தத்தின் அடியில் உதவியவர்களின் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். பழைய அஞ்சல்களைத் துழாவி, அந்த வரியை முதலில் எழுதிய லுபோர் என்பவரின் பெயரைத் தட்டுகிறாள். அவருடைய மின்னஞ்சல் முகவரி இப்போது இயங்குவதில்லை. "ஒண்ணுமே செய்யாத ஃப்ளாக்குக்கு இவ்வளவு மரியாதையா?" என்கிறேன். "ஃப்ளாக்குக்கு இல்லடா. அது ஒண்ணும் செய்யாதுன்னு மெனக்கெட்டு எழுதி வெச்சான் பாரு, அவனுக்கு." நான் எழுந்து போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுகிறேன். கணினியில் லுபோரின் பெயர் முழுதாகத் தெரிகிறது.