பத்துக்கு ஒன்று

“அரசியோட குதிரை கறுப்புக் குதிரை,” என்றார் அந்த ஆள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்தில் நின்ற அவருடைய மகள் சட்டென்று திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

“வெள்ளைக் குதிரை சார்,” என்றாள் வழிகாட்டி.

மகள் வாயை மூடிக்கொண்டாள். அப்பனை நினைத்து வெட்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள் வழிகாட்டி.

இருபத்திரண்டு வருஷமாக அரசியின் அருங்காட்சியகத்தில் வேலை. தப்பான ஒரு தகவலோடு யாரையும் வாசல் தாண்ட விட்டதில்லை. டிக்கெட் கொடுக்கிற பெண் இவளுக்கு வைத்திருந்த பெயர் ‘சிவப்பு மை’. இவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறையில் அரியணை. உட்கார்ந்தால் எக்காளம் முழங்கும். அந்த ஆள் சட்டமாக உட்கார்ந்தார். எக்காளம் ஓய்ந்ததும், “முப்பது வயசுல இதுல வந்து உட்கார்ந்தாங்க அரசி. இல்லையாடா கண்ணு?” என்றார்.

மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

“பதினேழு!” என்றாள் வழிகாட்டி. “சுவத்துல இவ்வளவு பெரிசா எழுதியிருக்கே சார்!”

கூட்டம் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

மூன்றாவது அறையில் வினாடி வினா இயந்திரம். திரையில் கேள்வி வரும், நாலு பதில் வரும், சரியானதைத் தொட வேண்டும். தப்பாகத் தொட்டால் கழுதை மாதிரி கத்தும்.

கத்தியது. ஒன்பது தடவை.

கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே குறைந்தது இரண்டு தேறுமே! பின்னால் வரிசை முணுமுணுத்தது. “எடத்தக் காலி பண்ணுங்க பெரியவரே, கழுதைக்குத் தொண்டை கட்டிடும்.”

பத்தாவது கேள்வி: முற்றுகை எத்தனை நாள்? அவர் விரல் தப்பான பதிலை நோக்கி மெல்ல, மிக மெல்லப் போயிற்று. மகள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் கை உயர்ந்தது.

வழிகாட்டியால் தாங்க முடியவில்லை. குறுக்கே கையை நீட்டிச் சரியான பதிலைத் தானே தொட்டுவிட்டாள்.

பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் இவளுடையது.

மகள் விறுவிறுவென்று தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

“தெரியலைன்னா பேசாம இருக்கலாமில்லையா சார்? படிக்கிற பொண்ணு. அவளையும் சேர்த்துக் குழப்புறீங்களே.”

அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

வெள்ளைக் குதிரை. பதினேழு வயது. முற்றுகை நாற்பத்தொரு நாள். இடது கை வாள். பக்கம் பக்கமாக, ஒரு பிழை இல்லை.

“நான் பஸ் ஓட்டுறவம்மா. போன வாரம் லீவு போட்டுட்டு வந்து, தூணுக்குப் பின்னால நின்னு நீங்க சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டேன். சரியா தெரிஞ்சாத்தானே தப்பா சொல்ல முடியும்?”

“எதுக்குத் தப்பா சொல்லணும்?”

“வரலாறுதான் படிப்பேன்னா. அது சோறு போடாதுன்னு விண்ணப்பத்தைக் கிழிச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. புதுசு வாங்கி, கையெழுத்துப் போட்டு மேசைமேல வெச்சேன். எடுத்துக்கிட்டா. என்கிட்ட பேச்சுதான் வரல. மூணு மாசம் ஆச்சு.”

நோட்டை வாங்கி மறுபடி பைக்குள் வைத்தார்.

“தப்பா ஒரு வருஷத்தைச் சொன்னா அவளுக்குப் பொறுக்காதும்மா. சின்னதுலயே பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்து என்னைத் திருத்துவா. இன்னிக்கு மூணு தடவை வாய் வரைக்கும் வந்துது. மூணு தடவையும் நீங்க முந்திக்கிட்டீங்க.”

வழிகாட்டி கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

கடைசி அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் வாள். மகள் வந்து, அப்பாவை விட்டு நாலடி தள்ளி நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார். “இந்த வாளை வலது கையில பிடிச்சு...”

பாதியில் நிறுத்திவிட்டு வழிகாட்டியைப் பார்த்தார். கூட்டமும் அவளைப் பார்த்தது. மகளும் அவள்தான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வழிகாட்டி சொன்னாள்:

“சார் சொல்றது ரொம்பச் சரி. வலது கைதான்.”

“ஐயோ, இடது கைப்பா!”